நாலு இருபது பஸ்



பெண்கள் அனைவருக்கும் சமமான கல்வி என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பஸ்ஸில் இருந்து தொடங்குகிறேன்.

முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அதில் பதினோரு வருஷம் இந்த மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். மாலை நாலரைக்குக் கடைசி மணி அடிப்பார்கள். வடக்கே எட்டு, ஒன்பது கிலோமீட்டரில் நாலைந்து கிராமங்கள். அங்கே போகிற டவுன் பஸ்ஸை நாலு இருபதுக்கு எடுத்துவிடுவார்கள். அதை விட்டால் ஆறே முக்கால். ஆறே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்பிள்ளை, கண்மாய்க்கரையை ஒட்டி முக்கால் கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். எந்தத் தாயும் அதற்குச் சம்மதிக்க மாட்டாள். அதனால் தினமும் நாலு பத்துக்கு ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். "டீச்சர், பஸ்ஸு" என்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். போய்விடுவார்கள். அதே ஊர்ப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு யாராவது ஒருவரின் வண்டி கிடைக்கும், இல்லையென்றால் நடந்தே போய்விடுவார்கள்.

கடைசிப் பீரியட் கணக்கு. பாடம் நடத்தி, எடுத்துக்காட்டுக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் நோட்டை விரித்துப் பயிற்சிக் கணக்கைத் தாங்களாகப் போடுவார்கள். அந்த நேரத்தில்தான் இவர்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்பார்கள். காலாண்டுப் பேப்பர் திருத்தும்போது பார்த்தால், சூத்திரம் சரியாக எழுதியிருக்கும், முதல் இரண்டு வரி சரியாக இருக்கும், அதற்குமேல் காகிதம் வெறுமையாக இருக்கும். அந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஒரு வருஷம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளுக்கு 20 நிமிஷம். வருஷத்துக்குச் சுமார் 200 வேலைநாள். 4000 நிமிஷம். 40 நிமிஷப் பீரியடாக வகுத்தால் 100 பீரியட். ஒரே வகுப்பறை, ஒரே டீச்சர், ஒரே புத்தகம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் வருஷத்துக்கு 100 பீரியட் குறைவாக நடத்தியிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் அது எங்கேயும் தெரியாது. காலையில் வந்தார்கள், மதியமும் வந்தார்கள். இரண்டு வேளையும் வருகை பதிவாகியிருக்கும்.

தலைமையாசிரியையிடம் சொல்லிக் கணக்கை முதல் பீரியடுக்கு மாற்றினோம். அப்போது கடைசிப் பீரியடுக்கு அறிவியல் போனது. இயற்பியல் டீச்சர் வந்து என்னிடம் சண்டை போட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். எந்தப் பாடத்தைக் கொண்டுபோய் அங்கே வைத்தாலும் அந்தப் பாடம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாதிதான்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பள்ளிக்கூடத்தில் கட்டணம் இல்லை. புத்தகம் இலவசம், மதியச் சாப்பாடு உண்டு, பஸ் பாஸும் உண்டு. கதவு எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் வீட்டு வாசலுக்கும் வகுப்பறை வாசலுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழி ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒவ்வொரு நீளம். நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த வழியைப் பற்றித்தான்.

பெண்கல்விக்காகப் பாடுபட்டவர்களின் வரலாற்றைப் புரட்டினால், சண்டை பெரும்பாலும் வகுப்பறைக்குள் நடக்கவில்லை, தெருவில் நடந்தது. 1848இல் புனேயில் பெண்பிள்ளைகளுக்கு ஜோதிராவ் பூலேயும் சாவித்ரிபாயும் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிக்கு நடந்து போன சாவித்ரிபாய் மேல் தெருவில் நின்றவர்கள் சாணியையும் சேற்றையும் எறிந்தார்கள். அந்த அம்மாள் பையில் இன்னொரு சேலை எடுத்துப் போவாராம். பள்ளிக்குப் போய் மாற்றிக்கொண்டு பாடம் நடத்த. அந்த இரண்டாவது சேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். கேரளத்தில் அய்யன்காளியைப் பாருங்கள். 1893இல் வில்வண்டியில் ஏறி, புலையர்கள் கால் வைக்கக் கூடாது என்றிருந்த பொதுப் பாதையில் ஓட்டிப் போனார். பாதைக்கு உரிமை கேட்ட அதே மனிதர்தான் பிறகு பஞ்சமி என்ற புலையர் வீட்டுச் சிறுமியைக் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார். அந்தக் குழந்தை உட்கார்ந்த பள்ளியைக் கொளுத்தினார்கள்.

இந்தப் புதுக்கோட்டைக்கு வருவோம். இங்கே 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபுக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் நாராயணசாமி கல்லூரி முதல்வர். மெட்ரிகுலேஷன் முடித்த மகளை ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்க்க விண்ணப்பித்தபோது ஊரே எதிர்த்தது. எதிர்ப்பையும் மீறிச் சேர்க்கச் சொன்னவர் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். வகுப்பில் அந்தப் பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் டாக்டர் பட்டம், 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத் தலைவர். இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பாடத்தில் வருகிறது. நான் அவர்களிடம் கூடுதலாகச் சொல்லுவது 1930ஐப் பற்றி.

அந்த வருஷம், தேவதாசி வாழ்க்கையை விட்டு வெளியேறிய இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். படிக்க வேண்டும் என்றார்கள். சென்னையில் பெண்களுக்கு விடுதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் விடுதி என்பது அன்றைக்குச் சாதிவாரியாக இருந்தது. சகோதரி சுப்பலட்சுமி 1912இல் எழும்பூரில் நாலு பேரை வைத்துத் தொடங்கிய இல்லம், பின்பு கடற்கரை ஐஸ் ஹவுஸில் வளர்ந்ததே, அது எவ்வளவு பெரிய காரியம்! சிறுவயதிலேயே விதவையாகி, தலை மழிக்கப்பட்டு, சமையலறை மூலையில் கிடந்த பெண்களை அவர் ஆசிரியைகளாக்கினார். அவரே பாலிய விதவை. 1911இல் பட்டம் பெற்றவர். ஆனாலும் அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கென்றுதான் தொடங்கியது. வந்து நின்ற இந்தப் பெண்களுக்கு எங்கேயும் இடம் கிடைக்கவில்லை. முத்துலட்சுமி அம்மையார் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் ஔவை இல்லம். பெண்களுக்கு என்று ஒரு கதவு திறந்த பிறகும் எந்தப் பெண்ணுக்கு என்ற கேள்வி மிச்சம் இருக்கும். தாம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்ததை மறக்காத ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி காதில் விழுந்திருக்கிறது.

அறுபது வருஷம் தள்ளி இதே மண்ணில் நடந்த இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள். ஏனென்றால் அதில் நானும் இருந்தேன்.

1991. அந்த வருஷக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 51 சதவீதம். பாதிப் பேருக்குக் கையெழுத்து இல்லை, கைநாட்டுதான். அப்போதுதான் இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எனக்கு அப்போது வேலை கிடைக்கவில்லை. பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன், தொண்டராகப் போனேன். இரவு எட்டு மணிக்கு மேல்தான் வகுப்பு. வயல் வேலை, கல் உடைக்கும் வேலை முடித்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வருவார்கள். தெருவிளக்கு இருந்தால் அதன் கீழே, இல்லாவிட்டால் அரிக்கேன் விளக்கு. கல்குவாரியில் சுத்தியல் பிடித்த கை, சிலேட்டுக் குச்சியைப் பிடித்தால் குச்சி உடையும். ஒரு அக்கா ஒரு ராத்திரியில் ஐந்து குச்சி உடைத்தார். ஆறாவதை மெதுவாகப் பிடித்துத் தம் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். போட்டுவிட்டு அழிக்கவே விடவில்லை. சிலேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மறுநாள் கொண்டுவந்தபோதும் அந்த எழுத்து அப்படியே இருந்தது.

வகுப்பு நடத்த எங்களைப் போன்ற பெண்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். கடைசி பஸ் போன பிறகுதான் வகுப்பே தொடங்கும். எப்படித் திரும்புவது? ஆண் தொண்டர்களின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தால் ஊர் பேசும். அப்போது ஆட்சியர் எடுத்த முடிவு, பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்ளட்டும் என்பது. எழுத்தறிவோடு சேர்த்தே அதை இயக்கத்தின் பாடமாக்கினார். கடன் கொடுக்க வங்கிகளைப் பேசி இணங்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானங்களில் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, பின்னால் ஒருத்தி கேரியரைப் பிடிக்க, விழுந்து, முழங்கை சிராய்த்து, மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறுவார்கள். தெருவில் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். கேட்கக் கூசும் வார்த்தை சொன்னவர்களும் இருந்தார்கள். சைக்கிளுக்கென்றே முத்து பாஸ்கரன் எழுதிய பாட்டு ஒன்று ஊரெல்லாம் பரவியது. அந்தக் கேலிக்கு நாங்கள் பாட்டாலேயே பதில் சொன்னோம்.

லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனது. பெண்கள் காத்திருக்கவில்லை, ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் விரும்பியே அதை வாங்கினார்கள். ஏன் தெரியுமா? ஸீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும் அந்த பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை. அறிவொளி காலத்தில் இப்படிச் சைக்கிள் பழகிய பெண்களைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து பார்த்து எழுதினார். உலகத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. எங்களுக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. அதுவரை கணவனோ மகனோ ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துக் காத்திருந்த பெண், காய்ச்சல் கண்ட பிள்ளையை பாரில் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தானே போனாள். சிலேட்டை வீட்டுக்கு எடுத்துப் போன அக்காவின் மகள் பின்னாளில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தாள். அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவள் அம்மா.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. அதன் விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலை வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நல்லது. ஆனால் எட்டாம் வகுப்போடு அந்த உரிமை முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம், பதினோராம் வகுப்புக்கு இன்னும் தள்ளி. பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினாலு வயதாகிறது. பெரிய மனுஷியாகிறாள். வீட்டில் பயம் தொடங்குகிறது. சரியாக அந்த வருஷம்தான் பள்ளிக்கூடமும் தூரமாகிறது. இந்த இரண்டும் ஒரே வயதில் சேர்ந்து வருவதைத் திட்டம் தீட்டுபவர்கள் கவனிக்க வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்பிள்ளைகளுக்குத் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம் பிறகு எல்லோருக்கும் விரிந்தது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் சைக்கிள் பிளஸ் ஒன்னில் கைக்கு வருகிறது. ஒன்பதில் நின்ற பிள்ளைக்கு அது வரவே வராது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பிலேயே பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலை வகுப்பில் சேர்ந்த பெண்பிள்ளைகள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் அந்தப் பலன் பெரும்பாலும் தெரிந்தது. படிப்பில் நம்மைவிடப் பின்தங்கிய மாநிலம் என்று பீகாரை நினைக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் சைக்கிள் கொடுப்பதை அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

நின்றுபோன பிள்ளை எங்கே போகிறாள்? இதை நான் கண்ணால் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு வாரமாக வராத ஒரு பிள்ளையைத் தேடி, ஒரு நாள் அதிகாலையில் அவள் ஊருக்குப் போனேன். அந்த ஊருக்குள் காலையில் பள்ளி நேரத்துக்குப் பஸ் வராது. நான் போய் நின்றபோது ஆலமரத்தடியில் ஒரு வேன் நின்றது. நூற்பு மில் வேன். ஆறு பெண்பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு ஏறினார்கள். அதில் இருவர் என் வகுப்பில் போன வருஷம் படித்தவர்கள். திண்டுக்கல், திருப்பூர், கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷம் வேலை பார், கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்பார்கள். இது அப்படி விடுதியில் அடைத்து வைக்கிற மில் இல்லை, தினமும் கொண்டுவந்து விடுகிற மில்தான். ஆனால் அந்த மில்லுக்கு எங்கள் பிள்ளைகள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது. ஊருக்குள்ளேயே வேன் அனுப்பினார்கள். நாங்கள் பஸ் பாஸ் கொடுத்தோம். பஸ் கொடுக்கவில்லை.

நான் தேடிப் போன பிள்ளை வேனில் இல்லை. அவள் வீடு காலனியில். வேன் நின்ற ஆலமரம் ஊருக்குள். நடுவில் அரை கிலோமீட்டர். அந்த மாசம் கோயில் திருவிழாவில் தகராறு ஆகியிருந்தது. காலனிப் பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாகப் போய்த்தான் பஸ் ஏற வேண்டும். "பையனை அனுப்பிடுவேன் டீச்சர், இவளை எப்படி அனுப்புறது? யாராவது ஏதாவது சொன்னா நான் எங்க போய் நிக்கிறது?" என்று அவள் அம்மா கேட்டார். பதில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த ஊரில் தகராறு நடந்த ஒவ்வொரு வருஷமும் காலனிப் பெண்பிள்ளைகள் வரிசையாக விடுப்பு எடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம், மூன்று வாரம். சிலர் திரும்பவே இல்லை. ஒரே ஊர், ஒரே பள்ளி, இருவரும் பெண்பிள்ளைகள். ஒருத்திக்கு ஒன்பது கிலோமீட்டர். இன்னொருத்திக்கு அந்த ஒன்பதோடு இந்த அரை கிலோமீட்டரும் சேர்கிறது. அந்த அரை கிலோமீட்டருக்கு எந்தச் சைக்கிளும் போதாது. அங்கே ஊர்ப் பெரியவர்கள்தான் வந்து நிற்க வேண்டும். அந்தத் தடவை நானும் இன்னும் இரண்டு ஆசிரியைகளும் மூன்று வாரம் மாற்றி மாற்றிக் காலையில் காலனிக்குப் போய், பிள்ளைகளோடு ஊர்த்தெரு வழியாக நடந்து, பஸ் ஏறும் இடம்வரை வந்தோம். நாங்கள் நடக்கும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் ஊர்ப்பக்கத்து அம்மா ஒருவர் தம் மகளையும் எங்களோடு சேர்ந்து வரச் சொல்லி அனுப்பினார்.

இன்றைக்கு நம் மாநிலத்தில் கல்லூரிக்குப் போகும் வயதினரில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கல்லூரியில் இருக்கிறார்கள், பெண்கள் ஆண்களுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து மேலே போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் கல்யாண உதவியாக இருந்தது இப்போது படிப்புக்கு உதவியாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். தேவதாசி முறையை எதிர்த்துத் தம் வாழ்நாளைச் செலவழித்த அந்த அம்மையாருக்கு இதுவே பொருத்தமான மரியாதை. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. இந்த நன்மைகளெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டி வந்தவளுக்கும், பஸ் ஓடும் ஊரில் இருப்பவளுக்கும்தான் போய்ச் சேருகின்றன. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த இலவச பஸ்ஸின் படிக்கட்டு இன்னும் உயரம்தான். என்னிடம் அப்படி ஒரு மாணவி இருந்தாள். அவள் அப்பா இரண்டு வருஷம் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறினார். அவருக்கு முதுகு போனது, அவள் படிப்பு நின்றது.

நான் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. போன வாரம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். புதுக் கட்டடம் வந்திருக்கிறது, ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. மாலை நாலு பத்துக்குக் கடைசி பெஞ்சில் ஐந்து பெண்பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். பஸ் இன்னும் நாலு இருபதுதான்.

வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். நாலு இருபது பஸ்ஸை நாலே முக்காலுக்கு எடுக்க வேண்டும், காலையில் எட்டரைக்குள் காலனி வாசல்வரை ஒரு நடை வர வேண்டும், இந்த இரண்டு கோரிக்கையோடு மனு எழுதியிருக்கிறோம். பக்கத்து ஊர்களில் இருந்து வந்திருப்பவர்கள் உங்கள் ஊர்ப் பள்ளி விடும் நேரத்தையும் பஸ் கிளம்பும் நேரத்தையும் அதில் எழுதிச் சேர்க்கலாம், தனி இடம் விட்டிருக்கிறோம். நோட்டு வாசல் மேசை மேல் இருக்கிறது. பக்கத்தில் மைப்பெட்டியும் வைக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். அதோ மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாரே அந்த அக்கா, ஆறாவது குச்சியில் எழுதியவர், அவர் வேண்டாம் என்றார். பேனா மட்டும் வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து அவர் போட்டிருக்கிறார்.